நால்வருக்கும் இடமுள்ள வண்டி

பழைய கார் வாங்கப் புறப்படுகிறவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை கை மாறியிருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், ஆர்.சி. இன்னும் எத்தனை ஆண்டுக்குச் செல்லும்? இவற்றுக்கெல்லாம் தரகர்களின் நாவில் விடை ஆயத்தமாக இருக்கிறது. ஆனால், "இந்த வண்டிக்குள் நான்கு நாய்கள் கால் நீட்டிப் படுத்து வர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சில் வல்ல தரகரும் ஒரு கணம் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். 2024-ஆம் ஆண்டு, பாஸ்கா திருவிழா முடிந்த மறுவாரம் தொடங்கி வைகாசி பிறக்கும்வரை, இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் அலைந்தேன். கேலிக்குக் குறைவில்லை. ஆயினும் அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவை வேறு எவருக்கேனும் பயன்படக்கூடும் என்பதாலும், கேள்வி அவ்வளவு சிரிப்புக்குரியதன்று என்பதாலும் இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு அப்போது 72 வயது. வத்தலக்குண்டுக்கு அருகே ஒரு சிறிய தென்னந்தோப்பின் நடுவேயுள்ள வீட்டில், அத்தான் மறைந்தபின் தனியே வாழ்ந்துவந்தார். தனியே என்று சொன்னவர்கள் ஊரார். அக்கா அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டதில்லை. வீட்டில் நான்கு நாய்கள் இருந்தன. பிப்ரவரி மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. எலும்பு முறியவில்லை. எனினும், இனித் தனியே இருக்கலாகாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். திருச்சியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. "மதினி வந்து நம்மோட இருக்கட்டும்" என்று என் மனைவிதான் முதலில் சொன்னாள். அக்கா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "நாலு பேரும் வந்தா நானும் வர்றேன், தம்பி. அதுகளை விட்டுட்டு வந்து உன் வீட்டுல உக்காந்து என்னால சோறு திங்க முடியாது."

"தோப்பிலேயே விட்டுட்டுப் போங்க, நாய்க்குப் பிழைக்கத் தெரியாதா?" என்றார் பக்கத்துத் தோப்புக்காரர். அவர் கெட்ட மனத்துடன் சொல்லவில்லை. ஊரில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவர் கையால் சோறுண்ட நாய், அந்தக் கை இல்லாமற்போன மறுநாளே இரை தேடக் கற்றுவிடுவதில்லை. பூட்டிய கதவின் முன் கிடந்து காத்திருக்கும். பசியும் தாகமும் உண்டாகும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். துன்புறும் வகையில் அதை வண்டியில் ஏற்றிச் செல்வதும் அதே பிரிவில் குற்றமே. முதற்குற்றத்துக்கு அச்சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி எவரும் நாயைக் கைவிடாமல் இருக்கப்போவதில்லை. அக்காவின் அச்சம் வேறு. "வெள்ளையனுக்குக் காது கேக்காது. நான் கதவைப் பூட்டிட்டுப் போற சத்தம் அவனுக்குத் தெரியாது. தூங்கி எழுந்து பாப்பான், நான் இருக்க மாட்டேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து திருச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மனிதருக்கு மூன்று மணி நேரப் பயணம்; நான்கு நாய்களுக்கோ அது ஒரு கண்டத்தைக் கடப்பதுபோல. பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். இரயிலில் முதல் வகுப்புக் கூபே முழுவதையும் பதிவுசெய்து நாயை உடன் கொண்டுசெல்லலாம். இல்லையேல் கார்டு இருக்கும் பெட்டியிலுள்ள கூண்டில் தனியே அடைத்து அனுப்பலாம். காது கேளாத கிழநாயைக் கூண்டில் அடைத்தனுப்ப அக்கா இசையார் என்பதை நான் கேட்டறிய வேண்டியதில்லை. வாடகை வண்டிக்காரர் மூவரைக் கேட்டோம். இருவர் மறுத்துவிட்டனர். மூன்றாமவர், கால்களைக் கட்டிக் கோணியில் இட்டுத் தந்தால் பின்னால் போட்டுக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு சொன்னார்! அன்றியும் இது ஒரு நாள் பயணத்தோடு முடிவதன்று. தடுப்பூசிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தோப்பைப் பார்க்க அக்கா போக வேண்டும். போகும்போது நால்வரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார். எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர் மட்டுமே. ஆகவே வண்டி ஒன்று சொந்தமாக வேண்டியிருந்தது. புதியது வாங்கக் கைப்பொருள் இல்லை.

அந்த நால்வரையும் இங்கே அறிமுகம் செய்தாக வேண்டும்; ஏனெனில் வண்டியைத் தேர்ந்தது நானல்லேன், அவைதாம். மூத்தவன் வெள்ளையன், பதினொரு வயது இராஜபாளையம். 2005-ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் இடம்பெற்ற தமிழ்நாட்டு இனம் இராஜபாளையமே. பால்போன்ற வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து பிறப்பது அவ்வினத்தில் அரிதன்று. வெள்ளையனுக்கு முதுமையால் பின்னங்கால்களும் தளர்ந்துவிட்டன. ஒரு படிக்கட்டு ஏறவே தயங்குவான். அடுத்து, கறுப்பனும் செவலையும். ஒரே ஈற்றில் பிறந்த நாட்டு நாய்கள், அண்ணனும் தங்கையும். கறுப்பனுக்கு வெள்ளையனைக் கண்டால் ஆகாது. தோப்பின் வெளியில் ஒருவரையொருவர் பாராததுபோல் நடந்துகொள்வார்கள். குறுகிய இடத்தில் முகத்துக்கு முகம் நேர்ந்தால் உறுமல் தொடங்கிவிடும். கடைசியாகப் பொம்மி, யாரோ வளர்த்து, பின் வேண்டாமென்று சந்தையில் விட்டுப்போன பொமரேனியன். உருவத்தில் ஒரு பூசணிக்காய் அளவே. ஆனால் வண்டியில் ஏறிய கால்மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிடும்.

இவர்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அக்கா இதற்குச் செய்த காரியம் எந்தக் கார் விற்பனையாளருக்கும் தோன்றியிராது. ஏப்ரல் மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, நால்வரும் திண்ணையில் அயர்ந்து கிடந்தபோது, கோலப்பொடியால் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லக் கோடு இழுத்தார். அவை எழுந்து போனபின் நான் அளவுநாடாவைக் கொண்டு அளந்தேன். வெள்ளையனுக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் தேவைப்பட்டன. நான்கையும் கூட்டினால் இரண்டேகால் சதுர மீட்டர் வந்தது. ஓர் ஆள் படுக்கும் கட்டிலைவிடச் சற்றுப் பெரிது. அதிகாலையில் நான் அளந்திருந்தால் ஏறத்தாழப் பாதிதான் வந்திருக்கும். குளிரில் நாய் சுருண்டு கொள்கிறது. வெயிலில் உடற்சூட்டைத் தரையில் இறக்குவதற்காக உடலை விரித்துப் போடுகிறது. நம் ஊரில் நாய்க்காக வண்டி பார்க்கிறவர் சுருண்ட நாயை அளந்தால் பங்குனி பிறந்ததும் துன்பப்பட நேரிடும்.

கையில் இந்த அளவோடு நான் முதலில் பார்த்தது ஓர் அம்பாசடர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் குழந்தையைப்போல் காத்துவந்தது. பெரிய கார் என்றால் அம்பாசடர் என்று வளர்ந்த தலைமுறை என்னுடையது. நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். ஆனால் நாயின் கண்கொண்டு பார்த்தபோது அந்த நீளம் கரைந்துபோயிற்று. முன்னால் ஒரு பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்கிறது; பின்னால் ஒரு பங்கு மூடிய டிக்கி; அதில் உயிருள்ள எதையும் ஏற்றலாகாது. எஞ்சியது இரண்டு இருக்கை வரிசைகளும், நடுவே கார்டன் தண்டுக்காக மேடு கட்டிய தரையுமே. மாறாக, மாருதி ஆம்னி என்னும் தகரப் பெட்டி 3.37 மீட்டர் நீளமே உடையது. அம்பாசடரைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைவு. அதன் 796 சி.சி. எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் ஒடுங்கியிருப்பதால், அவற்றுக்குப் பின்னாலுள்ள அத்தனையும் இடம். சாலையில் வண்டி அடைத்துக்கொள்ளும் நீளம் வேறு, உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் இடம் வேறு என்று அன்று விளங்கிற்று.

மேலைநாடுகளில் நாய் வளர்ப்போர் விரும்பி வாங்குவது, பின்பகுதி கூரையோடு நீண்டு செல்லும் எஸ்டேட் வகைக் கார்களை. நம் நாட்டிலும் 1992-இல் டாட்டா எஸ்டேட் வந்தது. பின்னர் இண்டிகோ மரீனா வந்தது. இரண்டுமே நிலைக்கவில்லை. டிக்கி தனியே துருத்திக்கொண்டிருந்தால்தான் கார், இல்லையேல் அது வேன் என்பது நம்மவர் எண்ணம்போலும். மகிழுந்து என்று தமிழில் பெயர் வைத்தவர்கூட யார் மகிழ்வதற்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

டாட்டா சுமோ ஒன்றையும் பார்த்தோம். 1994-இல் வந்து 2019-இல் விடைபெற்ற அந்த வண்டியின் பின்பகுதியில் எதிரெதிராக இரு பெஞ்சுகள். நடுவே தாராளமான இடைவெளி. கறுப்பனும் செவலையும் அங்கே அரசாளலாம். ஆனால் தரை உயரம். என் முழங்காலுக்குமேல் இருந்தது. இருபத்தைந்து கிலோவுக்குமேல் எடையுள்ள வெள்ளையனைத் தூக்கி ஏற்ற இருவர் வேண்டும். இடுப்பில் அடிபட்ட அக்காவும் சிரமப்பட்டே ஏற வேண்டும். கிழநாய்க்கும் வயதான பெண்ணுக்கும் தேவைப்பட்டவை ஒன்றாகவே இருந்ததை அங்கேதான் கவனித்தேன்: தாழ்ந்த படி, அகலத் திறக்கும் கதவு, பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று. ஆம்னியிலும் அதன் பின்வந்த ஈக்கோவிலும் பக்கக் கதவு பின்னோக்கிச் சறுக்கித் திறப்பதால், குறுகிய சந்தில்கூட முழு வாயிலும் கிடைக்கிறது. தமிழ்த் திரைப்படங்களில் ஆள் கடத்துவதற்கு ஆம்னியைப் பயன்படுத்தியதும் அந்தக் கதவுக்காகவே என்று என் மகன் சொன்னான். எங்களுக்கும் ஏறக்குறைய அதே தேவைதான்.

ஆம்னியின் உற்பத்தி 2019-இல் நின்றது. சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து 2011-க்கு முந்தியவற்றைத் தள்ளிவிட்டோம். எரிவாயுவில் ஓடுமாறு மாற்றியவற்றில், பின்னால் உருளை அமர்ந்து ஒரு நாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மஞ்சள் எண்பலகை வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவற்றைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றுவதற்குப் போக்குவரத்து அலுவலகத்தில் நடக்க வேண்டிய நடையை எண்ணி விட்டுவிட்டோம்.

இங்கே ஒரு சோதனை முறையைச் சொல்ல வேண்டும். பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கிறவர்கள் தெருமுனை வரை போய்த் திரும்புவார்கள். நாங்கள் முப்பது கிலோமீட்டர் கேட்டோம். பெட்ரோலுக்குப் பணம் தருவதாகச் சொன்னதும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஓட்டி முடித்து நிறுத்தியவுடன், இருக்கையில் அமர்ந்து பார்க்காமல், தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் இருக்கைக்கடியில் உள்ள வண்டிகளில், சூட்டைத் தடுக்கும் விரிப்புகள் காலத்தால் நைந்துபோயிருந்தால் தரை தோசைக்கல்லாகிவிடும். காலில் செருப்பணிந்து உயரத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியாது. தரையில் வயிற்றை வைத்துப் படுக்கிற உயிருக்குத் தெரியும். தரைவிரிப்பைத் தூக்கித் தகரத்தில் துரு அரித்த ஓட்டைகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். புகைக்குழாயில் கசிவிருந்தால் நச்சுப்புகை அந்த ஓட்டைகள் வழியாகவே உள்ளே வரும். அங்கேதான் நாயின் மூக்கு இருக்கும். கதவு சறுக்கும் தண்டவாளத்தில் கையை ஓட்டி, தகரத்தின் கூர்முனை ஏதேனும் வாலையோ பாதத்தையோ கிழிக்குமா என்றும் தடவிப் பார்த்தோம்.

காற்றோட்டத்தைப் பற்றியும் நாங்கள் நிறைய யோசித்தோம். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; பாதங்களில் சிறிது வியர்க்கும், அவ்வளவே. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூடிய வண்டிக்குள் நான்கு நாய்கள் இரைத்தால் காற்றே ஈரமாகிவிடும். பிறகு எவ்வளவு இரைத்தும் பயனில்லை. நிறுத்திய வண்டியோ இன்னும் கொடிது. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியசு கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க பயனில்லை என்று 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. நம் சித்திரை வெயிலோடு இதைக் கூட்டிப் பாருங்கள். ஏசி ஒரு செல்வச் செருக்கு என்று எண்ணி வாழ்ந்த என் குடும்பத்தில், முதன்முதலாக ஏசி உள்ள வண்டிதான் வேண்டும் என்று முடிவானது நாய்களால்.

மே மாத முதல் வாரத்தில், ஏறத்தாழ எல்லாப் பொருத்தமும் உடைய ஒரு வேன் கிடைத்தது. எஞ்சின் அமைதியாக இருந்தது. டயர்கள் புதியவை. விலையோ நாங்கள் எண்ணியதைவிட நாற்பதாயிரம் குறைவு. முன்பணம் கொடுக்க என் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அக்கா அன்று உடன் வந்திருந்தார். பின்கதவைத் திறந்து குனிந்து முகர்ந்தவர் நிமிரவில்லை. "தம்பி, இது மருந்து வாடை" என்றார். விசாரித்ததில், உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்கு அவ்வண்டி ஆறு ஆண்டு ஓடியதாகத் தெரிந்தது. கசிந்த டப்பாக்களின் கறை மரப்பலகையிலும் தகரத்தின் மடிப்புகளிலும் ஊறியிருந்தது. ஃபினாயில் விட்டுக் கழுவித் தருவதாக உரிமையாளர் சொன்னார். மனிதர் அதில் ஏறிப் போனால் ஒருவேளை தலைவலியோடு போகலாம்; நாயோ தரையில் படுத்து, எழுந்து, தன் பாதங்களை நக்கும். தென்னந்தோப்புக்காரியான அக்கா பூச்சிமருந்து தின்ற நாயின் சாவைப் பார்த்தவர். நாற்பதாயிரம் ரூபாயை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். பழைய வண்டி எத்தனை கை மாறியது என்பதைவிட என்ன சுமந்தது என்று கேட்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் அதற்கென்று ஓர் இடமும் இல்லை.

எங்களுக்கு வண்டி தேடித் தந்த தரகர் முதல் நாள், "என்ன சார், நாய்க்கா வண்டி?" என்று வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தவர். ஐந்தாறு வண்டிகளுக்கு எங்களோடு வந்தபின், என்ன காரணத்தாலோ அவருக்கே இதில் ஈடுபாடு பிறந்துவிட்டது. ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "சார், ஒரு ஈக்கோ வந்திருக்கு. 2015. அஞ்சு சீட்டு, ஏசி. தரையைத் தொட்டுப் பாத்துட்டேன், சூடு இல்லை. மோந்தும் பாத்துட்டேன். உங்க ஆளுங்களுக்குச் சரியா வரும்" என்றார். அவர் 'உங்க ஆளுங்க' என்று சொன்னதை அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

ஈக்கோ 2010-இல் வந்தது. ஆம்னியைவிட ஓரடி நீளம் கூடியது. ஐவர் அமரும் வகையில் இடையிருக்கைக்கு முன்னே கால் நீட்ட நிறைய இடம் உண்டு. அதன் பின்னே, சாமானுக்கென்று விடப்பட்ட தட்டையான பெரும்பகுதி. இருக்கையைக் கழற்றினால் இன்னும் இடம் கிடைக்குமே என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். பதிவில் உள்ளபடி அன்றி வண்டியை நிலையாக மாற்றுவது சட்டத்துக்கு ஒவ்வாது என்பது ஒருபுறமிருக்க, அந்த இருக்கையின் முதுகே எங்களுக்குத் தேவைப்பட்டது. கறுப்பனுக்கும் வெள்ளையனுக்கும் இடையே அதைவிட நல்ல சுவர் வேறு ஏது? பின்பகுதியில் கறுப்பனும் செவலையும். இருக்கையில் அக்காவும், அவர் பக்கத்தில் பழைய துண்டு விரித்துப் பொம்மியும். அக்காவின் காலடியில், சறுக்குக் கதவிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் சென்றடையும் இடத்தில், வெள்ளையன். கோலப்பொடியில் எழுதிய நான்கு உருவங்களும் அப்படியே உள்ளே பொருந்தின.

ஒரு குறையை மறைக்கலாகாது. 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத ஈக்கோ பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. நாங்கள் வாங்கிய ஆண்டின் வண்டியிலும் காற்றுப்பை இல்லை. அகன்ற இடமும் உறுதியான உடலும் ஒருங்கே உடைய வண்டிகள் எங்கள் பணத்துக்கு எட்டாதவை. ஆகவே மணிக்கு 60 கிலோமீட்டருக்குமேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். நாய்களைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றும் வாரில் கட்டி, குறுங்கயிற்றால் இருக்கையின் இரும்புக் காலோடு பிணைக்கிறோம். சட்டென்று பிரேக் போட்டால் கழுத்து முறியக்கூடாதல்லவா? சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வரும் நாய் பார்ப்பதற்கு அழகுதான். எதிரே வரும் லாரிக்கு அந்த அழகு தெரியாது.

விலை 2,70,000 ரூபாய். நான் பாதி தருவதாகச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. அஞ்சலகத்தில் போட்டிருந்த பணத்தை எடுத்து முழுவதும் தாமே கொடுத்தார். படிவம் 29, படிவம் 30, பழைய கடன் தீர்ந்ததற்கான சான்று, பதினான்கு நாளுக்குள் காப்பீட்டைப் பெயர் மாற்றுவது ஆகியவை வழக்கம்போல் நடந்தன, விரித்துரைக்க ஒன்றுமில்லை. வண்டி அக்காவின் பெயரில் பதிவாயிற்று. அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் தம்பி வீட்டுக்குத் தம் சொந்த வண்டியில் வருகிறவர் என்னும் நிலை அவருக்கு வேண்டியிருந்தது என்பதை என் மனைவி எனக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். முதல் நாள் இரவே உணவை நிறுத்தியிருந்தோம். தண்ணீர் மட்டும் கொடுத்தோம். தென்னை மட்டைக் கயிற்றுப் பாயைச் சுற்றி ஆணியடித்த பலகை ஒன்றைச் சறுக்குக் கதவில் சாய்த்தேன். வெள்ளையன் பலகையை முகர்ந்தான், அக்காவைப் பார்த்தான், ஏறிப் படுத்துக்கொண்டான். காது கேளாதவனாதலால் எஞ்சின் சத்தம் அவனை அச்சுறுத்தவில்லை. தரையின் அதிர்வு மட்டும் அவனுக்குத் தெரிந்தது. சிறிது நேரம் தாடையைத் தரையில் அழுத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வடமதுரை தாண்டுவதற்குள் பொம்மி தன் கடமையைத் துண்டில் செய்து முடித்தாள். அய்யலூர் அருகே கிழக்கு வெளுத்தது. மணப்பாறையை நெருங்குகையில் புளியமர நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். தேநீர்க் கடையிலிருந்து வந்த ஒருவர் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கண்காட்சிக்குக் கொண்டுபோறீங்களா?" என்று கேட்டார். "வீடு மாறிப் போறோம்" என்றார் அக்கா.

வெள்ளையன் எங்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தான். 2025 சனவரியில், உறக்கத்திலேயே போய்விட்டான். நகரத்து வீட்டில் புதைக்க இடமில்லை. அவனைத் தன் பழைய சேலையில் சுற்றி, அதே காலடி இடத்தில் கிடத்தி, அக்கா தோப்புக்குக் கொண்டுசென்றார். மற்ற மூவரும் உடன் வந்தார்கள். கிணற்றை ஒட்டிய தென்னையின் அடியில் என் மகன் குழி தோண்டினான்.

சென்ற மாதம் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பெட்ரோலுக்கு ஆகும் செலவைப் பார்த்த மகன், "அத்தை, இதை வித்துட்டுச் சின்னதா ஒண்ணு பாக்கலாமா? இப்ப இடம் மிச்சமா இருக்கே" என்று கேட்டான். அக்கா வாசலைப் பார்த்தார். எங்கள் தெருவின் கோடியில் எவரோ விட்டுப்போன ஒரு குட்டி, இரண்டு வாரமாகச் செவலையின் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. அக்கா விடை ஒன்றும் சொல்லவில்லை. கோலப்பொடி டப்பாவை எடுத்துவரச் சொன்னார்.